சிரிப்பு நாடகமும் துப்பறியும் கதையும்

தொலைக்காட்சி நாடகம் பெண்களைக் கெடுக்கிறது என்று யாராவது சொல்லாமல் எங்கள் தோட்டத்தில் எந்தக் கூட்டமும் முடிந்ததில்லை. மாதர் சங்கக் கூட்டமாக இருக்கட்டும், கோயில் திருவிழாக் கூட்டமாக இருக்கட்டும், ஒருவர் எழுந்து, "பொம்பளைங்க நாடகம் பார்த்து அழுதுக்கிட்டு இருக்காங்க, அடுப்பில சோறு கருகுது" என்று சொல்லிவிட்டு உட்காருவார். அதில் பாதி உண்மைதான். அழுகை நாடகங்களைப் பற்றி எனக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. ஆனால் நான் இத்தனை வருடமாக விரும்பிப் பார்த்து வருபவை வேறு வகையானவை. ஒன்று சிரிப்பு நாடகம். மற்றது கொலை, களவு, மர்மம் என்று போகும் துப்பறியும் கதை. இந்த இரண்டையும் பற்றிப் பெண்கள் யாரும் எழுதி நான் வாசித்ததில்லை. எனவே சகோதரிகளே, இந்த மாதம் என் விருப்பத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இறம்பொடையில் இருந்துகொண்டு டீவி பார்ப்பது ஒரு காலத்தில் இலேசான காரியமல்ல. ரூபவாஹினி 1982இல் தொடங்கியபோது அதன் ஒளிபரப்புக் கோபுரத்தை எங்களுக்கு மேலே பீதுருதலாகல மலையுச்சியில்தான் வைத்தார்கள். எங்களுக்குக் கீழே கொத்மலை நீர்மின் நிலையம் 1985இல் இயங்க ஆரம்பித்தது. படம் மேலேயிருந்து போகிறது, கரண்ட் கீழேயிருந்து போகிறது, நடுவில் இருந்த லயத்தில் மட்டும் குப்பி விளக்கு! எங்கள் லயத்துக்கு மின்சாரம் வர அதற்குப் பிறகும் பல வருடம் ஆயிற்று. அதுவரை கறுப்பு வெள்ளை டீவி கார் பெற்றரியில் ஓடியது. பெற்றரியைத் தலையில் சுமந்து போய்க் கடைவீதியில் சார்ஜ் ஏற்றி வர வேண்டும். சார்ஜ் குறையக் குறையப் படம் ஓரத்திலிருந்து சுருங்கிச் சுருங்கிக் கடைசியில் ஒரு கோடாகிவிடும். அதுவும் எப்போது? கொலைகாரன் யார் என்று காட்டப்போகும் நேரத்தில்தான்.

அதில் ஒரு நன்மையும் இருந்தது. மறுநாள் மலையில் கொழுந்து பறிக்கும்போது முடிவை நாங்களே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. நிரைக்கு ஒரு கட்சி. தம்பிதான் கொன்றான் என்று ஒரு நிரை, இல்லை வேலைக்காரன் என்று மறு நிரை. பேச்சை நிறுத்தச் சொல்லி வந்த கங்காணியும், "வக்கீல யாரும் நினைக்கல பாரு" என்று சொல்லிவிட்டுப் போவார். மடுவத்தில் கொழுந்து நிறுக்கும் வரைக்கும் வழக்கு நடக்கும்.

முதலில் சிரிப்பைச் சொல்கிறேன். எங்கள் வீட்டில் எல்லாரும் சேர்ந்து பார்த்த முதல் சிரிப்பு நாடகம் தமிழில் இல்லை. சுயாதீனத் தொலைக்காட்சியில் 1987 முதல் வந்த சிங்கள நாடகமான 'கோப்பி கடே'. கிராமத்துத் தேத்தண்ணிக் கடை, அங்கே வந்து உட்காருகிறவர்கள், ஊர் வம்பு, அரிசி விலை, அரசியல்வாதியின் வாக்குறுதி, அவ்வளவுதான். பாதிச் சொல் விளங்காது. விளங்கிய பாதிக்கே சிரிப்பு வரும். எங்களில் பலர் சிங்களம் பழகியது அந்தக் கடை வாங்கில் உட்கார்ந்துதான் என்று சொன்னால் மிகையில்லை. மிஸ்டர் பீன் வந்தபோது பாஷைப் பிரச்சினையே தீர்ந்துவிட்டது. ரோவன் அட்கின்சன் நடித்த அந்தத் தொடரில் மொத்தமே 15 கதைகள்தான். காது சரியாகக் கேட்காத என் அப்பாயி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது அதற்கு ஒன்றுக்குத்தான்.

தமிழில் என் வாக்கு 'சின்ன பாப்பா பெரிய பாப்பா'வுக்கு. மாமியாரும் மருமகளும் சண்டை போடும் கதை. அதே சண்டையை வைத்துத்தானே மற்ற நாடகங்கள் ஆயிரம் நாள் அழவைக்கின்றன? அங்கே மாமியார் விஷம் வைப்பாள், மருமகள் கண்ணீர் விடுவாள். இங்கே இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் ஏமாற்றப் போய் இரண்டு பேருமே அகப்பட்டுக்கொள்வார்கள். நிரோஷாவும் நளினியும் நன்றாகச் செய்தார்கள் என்றாலும், பட்டாபியாக வந்த எம்.எஸ். பாஸ்கர் வாசலில் தலை காட்டினாலே எங்கள் இஸ்தோப்பில் சிரிப்புத் தொடங்கிவிடும். அதற்கு முன் அவர் பல காலம் மற்ற நடிகர்களுக்குப் பின்னணிக் குரல் கொடுத்து வந்தவர். விஜய் டீவியின் 'லொள்ளு சபா'வும் எனக்குப் பிடிக்கும். சந்தானம், சுவாமிநாதன், மனோகர் எல்லாரும் சேர்ந்து பெரிய பெரிய நடிகர்களின் படங்களைக் கேலி செய்வார்கள். எங்கள் லயத்து இளைஞர்களுக்குத் தங்கள் கதாநாயகனைக் கேலி செய்தால் கோபம் வரும். எனக்கு அந்தக் கோபத்தைப் பார்ப்பது நாடகத்தைவிடச் சிரிப்பு.

இனி மர்மத்துக்கு வருவோம். கே. பாலசந்தரின் நிறுவனம் தயாரித்து, இந்திரா சௌந்தர்ராஜன் கதை எழுதி, நாகா இயக்கிய 'மர்மதேசம்' வரிசையில் 'விடாது கருப்பு' என்றொரு கதை வந்தது. இந்தியாவில் அது 1990களின் பிற்பகுதியில் ஒளிபரப்பானது. எங்களுக்கு வாடகைக் கசெட்டில்தான் வந்து சேர்ந்தது. ஒரு கிராமம். அங்கே தப்புச் செய்தவர்களைக் கருப்புசாமி இரவில் வெள்ளைக் குதிரையில் வந்து தண்டிக்கிறது என்று ஊர் நம்புகிறது. ஆட்கள் சாகிறார்கள். குளம்புச் சத்தம் கேட்கிறது.

பட்டணத்தில் இருப்பவர்கள் இதைப் பார்த்துச் சிரித்திருக்கலாம். எங்களால் முடியவில்லை. எங்கள் தோட்டங்களில் முனியாண்டிக்கும் மாடசாமிக்கும் கல் நட்டிருக்கிறோம். ஆலைச் சக்கரத்துக்கு ரோதைமுனி, கத்தி பிடிக்கும் நாளில் கவ்வாத்துசாமி என்று தொழிலுக்கே தெய்வம் வைத்திருக்கிறோம். கசெட் ஓடிய ராத்திரிகளில் தனியாகப் பீலிக் கரைக்குப் போக ஆளில்லை. ஆனால் கதையின் முடிவில் (இன்னும் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும்) குதிரையில் வந்தது சாமியல்ல, மனுஷன். சின்ன வயதில் மனதில் விழுந்த ஒன்று ஒருவனை இரண்டு ஆளாகப் பிளந்துவிட்டது என்றும், அது ஒரு மன நோய் என்றும் காட்டினார்கள். அதில் நடித்த சேத்தனும் தேவதர்ஷினியும் பிறகு நிஜத்திலும் தம்பதியானார்கள். இது கூடுதல் தகவல்!

சாமியை அவமதித்துவிட்டார்கள் என்று எங்கள் லயத்தில் சிலருக்கு வருத்தம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை கொழும்பில் வீட்டு வேலைக்குப் போய்த் திரும்பி வந்தது. பேச்சில்லை, சாப்பாடில்லை, ராத்திரியில் அலறும். காத்துக் கருப்பு என்று நூல் கட்டினார்கள், வேப்பிலை அடித்தார்கள். எங்களோடு உட்கார்ந்து கசெட் பார்த்த ஒரு அக்காதான், "பேயா இருக்காது. ஆள் யாருன்னு பக்குவமாக் கேளுங்க" என்று சொன்னார். கேட்டபோது மூன்றாம் நாள் அந்தப் பிள்ளை சொல்லிவிட்டது. ஆள்தான். அதற்குப் பிறகு நடந்தவை அந்தப் பிள்ளையின் சொந்த விஷயம், நான் எழுதப்போவதில்லை. ஆனால் பேய் என்று எல்லாரும் நின்றுவிட்ட இடத்தில் "யார்" என்று கேட்கத் துணிந்ததற்கு ஒரு நாடகமும் காரணம் என்பதை நான் கண்ணால் பார்த்தேன்.

அந்த வகையில் 2004இல் சன் டீவியில் தொடங்கிய 'சிதம்பர ரகசிய'த்தை நான் ஒரு படி கீழேதான் வைப்பேன். நாடி ஜோதிட ஓலையைச் சுற்றிக் கொலைகள் நடக்கும் கதை. விறுவிறுப்பில் குறைவில்லை. ஆனால் ஓலையில் எழுதியதுதான் நடக்கும் என்ற எண்ணத்தை மனதில் விட்டுப் போகிறது. நமக்கு ஏற்கெனவே விதி என்ற சொல் போதிய அளவு இருக்கிறது. எங்களை இப்படிப் பயமுறுத்திய அதே நாகாதான் 'ரமணி வெர்சஸ் ரமணி' என்று புருஷன் பெண்சாதிச் சண்டையை வைத்து அருமையான சிரிப்பு நாடகமும் எடுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

என் பெரியம்மாவின் மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1977ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பிறகு மலையகத்தை விட்டு வன்னிக்குப் போன பல குடும்பங்களில் பெரியம்மா குடும்பமும் ஒன்று. கிளிநொச்சியில் காடு வெட்டிக் குடியிருந்தார்கள். 2009இல் எல்லாம் போய், மெனிக் பாம் முகாமில் இருந்து, 2010இல் அக்கா எங்களிடம் வந்து சேர்ந்தார். அத்தானைக் கடைசியாகப் பார்த்தது 2009 மே மாதம். இன்றுவரை தகவலில்லை.

வந்த புதிதில் அக்கா சிரிப்பு நாடகம் மட்டுமே பார்ப்பார். பட்டாபி வந்தால் சிரிப்பார். துப்பறியும் கதை தொடங்கினால் எழுந்து குசினிக்குப் போய்விடுவார். துவக்குச் சத்தம் பிடிக்கவில்லை என்று நினைத்துச் சத்தத்தைக் குறைத்து வைத்தேன். ஒரு நாள் அவரே சொன்னார்: "சத்தம் இல்ல தங்கச்சி. அங்க ஒரு மணித்தியாலத்தில கண்டுபிடிச்சிடுறாங்க."

எனக்குப் பதில் வரவில்லை. அக்கா ஒரே கதையை எத்தனை ஆணைக்குழு முன் சொல்லியிருக்கிறார்! எத்தனை படிவம்! 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வந்த காணாமல் போனோர் அலுவலகத்துக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறார். துப்பறியும் கதையில் எனக்குப் பிடித்தது முடிவில் விடை கிடைப்பது. அக்காவை அங்கே இருக்கவிடாமல் செய்ததும் அதுதான். அதன் பிறகு பார்க்கச் சொல்லி நான் வற்புறுத்தவில்லை.

பிறகு போன் காலம் வந்தது. 2022இல் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு அறிவித்த நாட்களில் பெற்றரி டீவியை நினைத்துக்கொண்டோம். அந்த வருடம் ஜூன் மாதம் புஷ்கர்–காயத்ரி உருவாக்கிய 'சுழல்' வந்தது. சிமெந்து ஆலை எரிகிறது, தொழிற்சங்கத் தலைவரின் மகள் காணாமல் போகிறாள். சங்கம், நிருவாகம், வேலைநிறுத்தம் என்று எங்கள் தோட்டக் கதை மாதிரியே இருந்ததால் நானும் நிருவாகத்தைத்தான் சந்தேகித்தேன். ஊரெல்லாம் தேடிக் கடைசியில் குற்றம் வீட்டுக்குள்ளேயே, உறவுக்குள்ளேயே இருந்தது. பெண் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தாய்மார் கட்டாயம் பார்க்க வேண்டிய கதை. ஆனால் பிள்ளைகளை அருகில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.

அதே வருடம் டிசம்பரில் வந்த 'வதந்தி'யைத்தான் அக்கா முதன்முதலாக முழுவதும் பார்த்தார். வெலோனி என்ற இளம் பெண் கொலை செய்யப்படுகிறாள். எஸ்.ஜே. சூர்யா பொலிஸ் அதிகாரி. அவர் விசாரிக்கும் ஒவ்வொருவரும் அந்தப் பெண்ணைப் பற்றி ஒவ்வொரு கதை சொல்கிறார்கள். பேப்பர்காரன் ஒரு விதம், எழுத்தாளன் ஒரு விதம். குசினிக்குப் போகப் புறப்பட்ட அக்கா கதவில் சாய்ந்து நின்று பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

"இவளுக்கு நடந்ததுதான் எங்களுக்கும்" என்றார். முகாமில் யாரோடு கதைத்தாள், யாரிடம் சாமான் வாங்கினாள், ஏன் பொட்டு வைக்கிறாள், ஏன் வைக்காமல் இருக்கிறாள் என்று புருஷன் இல்லாத பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை கட்டியதை அன்று ராத்திரி வெகுநேரம் சொன்னார். பன்னிரண்டு வருடத்துக்கு மேல் ஒரே வீட்டில் இருந்தும் நான் கேட்டிராத விஷயங்கள். வாசிக்கும் உங்களில் பலருக்கு இது விளக்கத் தேவையில்லாத விஷயமாக இருக்கும்.

இன்னொரு வகை நிகழ்ச்சியும் உண்டு. உண்மையாக நடந்த கொலையை எடுத்து, செத்தவரின் தாயை உட்காரவைத்து, அழும் வரைக்கும் கேள்வி கேட்டு, பின்னால் சோக இசை போடுவார்கள். அதை நான் பார்ப்பதில்லை. அக்கா இருக்கும்போது யாரையும் போடவும் விடுவதில்லை. கற்பனைக் கதையில் செத்தவர் படப்பிடிப்பு முடிந்து எழுந்து தேத்தண்ணி குடிப்பார். இந்தத் தாய் எங்கே போவாள்?

பார்க்க விரும்புகிறவர்களுக்கு என் அனுபவத்தில் கண்ட இரண்டு விஷயம். துப்பறியும் கதையைச் சாயந்தரத்தில் பார்த்துவிட்டு, படுக்கப் போகுமுன் ஒரு துண்டுச் சிரிப்பு நாடகம் பாருங்கள், நித்திரை வரும். நெஞ்சு படபடத்தால் எழுந்து போய்விடுங்கள். முடிவைப் பிறகு யாரிடமாவது கேட்டுக்கொள்ளலாம். 'விடாது கருப்பு' இப்போது யூடியூப்பில் காசில்லாமல் கிடைக்கிறது, டேட்டா மட்டும் இருந்தால் போதும்.

இப்போது நாங்கள் பார்ப்பது 'கொலம்போ'. பெயரைக் கேட்டுக் கொழும்பைப் பற்றிய படம் என்றுதான் அக்கா நினைத்தார். 1970களில் அமெரிக்காவில் ஓடிய பழைய தொடர். பீட்டர் ஃபோக் என்பவர் கசங்கிய மழைக்கோட்டோடு வரும் பொலிஸ் அதிகாரி. கொலைகாரர்கள் அநேகமாகப் பெரிய பங்களாக்காரர்கள். இந்த ஆளின் கோலத்தைப் பார்த்து மட்டமாக நினைப்பார்கள். இவரோ அடிக்கடி தன் மனைவியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு, போவது போலப் போய், வாசலில் திரும்பி நின்று இன்னும் ஒரு கேள்வி கேட்பார். என் மகன் தமிழில் சொல்லச் சொல்லப் பார்க்கிறோம். இதில் கொலை செய்தது யார் என்று முதலிலேயே காட்டிவிடுவார்கள். அதனால்தான் இது பிடித்திருக்கிறதாம் அக்காவுக்கு.

"யாருன்னு தெரியும். எப்பிடிப் பிடிக்கிறான் என்டுதான் பார்க்கணும்" என்கிறார். மூன்று கதை முடிந்துவிட்டது. நாளைக்கு மழை இல்லாமல் சிக்னல் கிடைத்தால் நாலாவது.