ஐம்பதைக் கடந்த ஆடவரும் துவிச்சக்கரவண்டியின் இருக்கையும்



வெளிப்படையாகப் பேசப்படும் நோய்கள் உண்டு. வாய்க்குள்ளேயே அடக்கப்படும் நோய்களும் உண்டு. நீரிழிவு கண்டவர் அதனைப் பஸ்ஸிலே பக்கத்தில் அமர்ந்திருக்கும் அந்நியரிடமும் சொல்லிவிடுவார். ஆனால், சிறுநீர் தடைப்படுகிறது, இரவில் நான்கு முறை எழவேண்டியிருக்கிறது என்பதை உடன்பிறந்த சகோதரனிடமும் சொல்லமாட்டார். இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இந்த இரண்டாம் வகையைச் சார்ந்தது. புரொஸ்டேட் சுரப்பியிலே குறைபாடுடைய ஆடவர் துவிச்சக்கரவண்டியிற் செல்ல விரும்பினால், எத்தகைய இருக்கையைத் தெரிந்துகொள்ளவேண்டும் என்பதே அப்பொருள்.

சிவனொளிபாதமலையின் அடிவாரத்தில், தேயிலைச் சரிவுகளின் நடுவே கிடக்கும் நல்லதண்ணியில் இருந்துகொண்டு துவிச்சக்கரவண்டியைப் பற்றிப் பேசுவதா என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. துவிச்சக்கரவண்டிக்குப் பேர்போனது யாழ்ப்பாணத்துச் சமதரை. 1990ஆம் ஆண்டு தொடங்கிய எரிபொருள் தடைக்காலத்தில் அங்கே ஒரு சமுதாயமே அதன் மீது ஏறி வாழ்ந்தது. மலையகத்தில் நாம் பெரும்பாலும் நடந்தே பழகியவர்கள். ஆயினும் 2022ஆம் ஆண்டில் நாடு முழுவதும் பெற்றோலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நிற்க நேர்ந்தபோது, முப்பது ஆண்டுகளாகத் துவிச்சக்கரவண்டியைத் தொடாத ஆசிரியரும் எழுதுவினைஞரும் கடைக்காரரும் மீண்டும் அதன் மீது ஏறினர். பலர் இறங்கவில்லை, இறங்கவேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், இருபது வயதில் ஏறிய உடல் வேறு, ஐம்பத்தைந்து வயதில் ஏறும் உடல் வேறு.

முதலில் அச்சுரப்பியைப் பற்றிச் சிறிது அறிந்துகொள்வோம். ஆடவர்க்கு மட்டுமே உரிய இதனைக் கலைச்சொல் வகுத்தோர் முன்னிற்கும் சுரப்பி என்பர். இது சிறுநீர்ப்பையின் கீழே, சிறுநீர்க்குழாயின் தொடக்கத்தை, விரலை மோதிரம் சூழ்ந்திருப்பதுபோலச் சூழ்ந்திருக்கிறது. இளைஞனிடத்தில் அதன் நிறை ஏறத்தாழ 20 கிராம். நாற்பது வயதுக்குப் பின்னர் பெரும்பாலோரிடத்தில் அது மெல்ல மெல்லப் பருக்கிறது. மோதிரம் இறுகினால் விரல் நெரிவதுபோல, சுரப்பி பருத்தால் குழாய் நெருக்குண்கிறது. அதனாலேயே சிறுநீர் மெலிந்து வருவதும், தொடங்கத் தாமதிப்பதும், முற்றாகக் கழியாத உணர்வும், இரவில் அடிக்கடி எழுவதும் ஏற்படுகின்றன. இப்பருமன் புற்றுநோயன்று. இதே சுரப்பியில் தோன்றும் அழற்சி ஒன்று, புற்றுநோய் மற்றொன்று. இம்மூன்றையும் பிரித்தறிவது வைத்தியரின் பணி.

துவிச்சக்கரவண்டி ஓட்டினால் இந்நோய் வருமா? சுரப்பி பருப்பதற்கு வண்டியே காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. 2014ஆம் ஆண்டு பிரித்தானியாவில், துவிச்சக்கரவண்டி ஓட்டும் 5,282 ஆடவரிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று வெளிவந்தது. ஓட்டும் நேரத்துக்கும் மலட்டுத்தன்மைக்குமோ ஆண்மைக்குறைவுக்குமோ தொடர்பு காணப்படவில்லை. வாரத்தில் நெடுநேரம் ஓட்டிய, ஐம்பதைக் கடந்தோரிடையே புரொஸ்டேட் புற்றுநோய் கண்டறியப்பட்டோர் கூடுதலாக இருந்தனர். எனினும் அத்தகையோர் உடல்நலத்திற் கவனமுடையோராய் வைத்தியரை அடிக்கடி நாடுவதால் நோய் முன்னரே வெளிப்பட்டிருக்கலாம். ஆகவே இதனைக் காரணகாரியத் தொடர்பாகக் கொள்ளலாகாது என்று ஆய்வாளரே எச்சரித்தனர். மறுபுறம், உடலை இயக்கி வாழ்வோர்க்குச் சிறுநீர்த் தொல்லைகள் குறைவு என்பதே பொதுவான அனுபவமும் ஆய்வுகளும் காட்டும் உண்மை. ஆதலின் வண்டியைக் கைவிடவேண்டுவதில்லை, திருத்தவேண்டியது இருக்கையையே.

இனி இருக்கையின் குற்றம் யாதென்று பார்ப்போம். வகுப்பறையிலுள்ள மரவாங்கொன்றில் உள்ளங்கைகளைப் புட்டத்தின் கீழே வைத்து அமர்ந்து பாருங்கள். இரண்டு எலும்புமுனைகள் கைகளை அழுத்துவது தெரியும். மனித உடலின் பாரத்தைத் தாங்குவதற்கென்று இயற்கை அமைத்த தூண்கள் இவ்விரண்டுமே. இவற்றுக்கு நடுவே, விரைப்பைக்கும் மலவாயிலுக்கும் இடைப்பட்ட மென்மையான பகுதி இருக்கிறது. அதனூடாகவே இன உறுப்புக்குரிய நரம்புகளும் குருதிக்குழாய்களும் செல்கின்றன. அதற்கு மேலே உள்ளாகச் சுரப்பி இருக்கிறது. இருக்கை குறுகியதாயின் எலும்புகள் இரு புறமும் வெளியே தொங்க, முழுப் பாரமும் நடுவிடத்தில் இறங்கும். மரத்துப்போதலும், எரிவும், இறங்கியபின் சிறுநீர் கழிக்கையில் வலியும் இதனால் உண்டாகும். சுரப்பியில் ஏற்கெனவே குறைபாடுள்ளவர்க்கு அத்தொல்லை இருமடங்காகத் தோன்றும்.

மென்மையான இருக்கை என்றால் இத்துன்பம் இராது என்றே பலரும் எண்ணுவர். கடையிலே பெருவிரலால் அழுத்திப் பார்த்து, அமுங்கியதை வாங்கிவருவர். இங்கேதான் கை நம்மை ஏமாற்றுகிறது. தடித்த மெத்தையில் எலும்புமுனைகள் புதைந்து இறங்க, புதையாத நடுப்பகுதி மேலெழுந்து மென்பகுதியை அழுத்துகிறது. 2002ஆம் ஆண்டில் வெளியான ஜேர்மானிய ஆய்வொன்று இதனை அளந்தே காட்டியது. தடித்த மெத்தையுடைய குறுகிய இருக்கையில் அமர்ந்தபோது, ஆண்குறியின் தோலில் அளக்கப்பட்ட ஒட்சிசன் ஐந்தில் நான்கு பங்கு குறைந்தது. முன்மூக்கில்லாத அகன்ற இருக்கையிலோ ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கே குறைந்தது. மெத்தையின் தடிப்பைக் காட்டிலும் இருக்கையின் அகலமே முக்கியம் என்பது அதன் முடிபு.

ஆகவே முதல் விதி அகலம். உங்களுக்குரிய அகலத்தை வீட்டிலேயே அளக்கலாம். அலையலையான உள்ளீடுடைய கடதாசிப் பெட்டி மட்டையொன்றைக் கடினமான வாங்கில் விரித்து, மெல்லிய உடையுடன் அதன் மீது அமருங்கள். பாதங்களைச் சிறு பலகை ஒன்றின் மீது உயர்த்தி வைத்துச் சற்றே முன்சாய்ந்து, ஒரு நிமிடம் அசையாதிருங்கள். எழுந்தபின் மட்டையிலே இரண்டு குழிகள் பதிந்திருக்கும். ஒன்றின் நடுவிலிருந்து மற்றதன் நடுவரை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். நிமிர்ந்து அமர்ந்து செல்பவர் அவ்வளவுடன் 3 அல்லது 4 சென்ரிமீற்றர் கூட்டி, அந்த அகலம் இருக்கையின் பின்பகுதியில் உண்டா என்று பார்க்கவேண்டும். உதாரணமாக, குழிகளின் இடைவெளி 12 சென்ரிமீற்றராயின், 15 முதல் 16 சென்ரிமீற்றர் அகலமுள்ள இருக்கை பொருந்தும். அளவுக்கு மீறிய அகலமும் ஆகாது. அது தொடைகளை உராய்ந்து புண்படுத்தும்.

இரண்டாவது விதி உறுதி. விரல் அழுத்தத்துக்குச் சிறிதே இணங்கி, பிறகு தாங்கி நிற்கும் மெத்தையே ஏற்றது. குண்டும் குழியுமான தோட்டத்து வீதிகளில், பின்புறம் இரண்டு சுருள்வில்கள் பொருத்தப்பட்ட பழைய பாணி இருக்கை மிக நன்று. அதிர்ச்சியைச் சுருள்வில் ஏற்கும், பாரத்தை எலும்பு ஏற்கும். இங்கிலாந்தின் பேர்மிங்காம் நகரத்துப் புரூக்ஸ் என்பவர் 1882ஆம் ஆண்டில் காப்புரிமை கோரிய தோல் இருக்கையின் வழிவந்தவை, நம் பாட்டன்மார் காலத்து வண்டிகளில் இன்றும் காணப்படுகின்றன. அவை நல்லவையே. ஆயினும் மழை மிகுந்த எமது பகுதியில் நனைந்த தோல் தொய்ந்துவிடும். தொய்ந்த தோல் நடுவிலே பள்ளமாகி இரு ஓரங்களும் உயர்வதால், உடல் எலும்பில் அமராது நடுவே அமிழும். மூக்கின் கீழுள்ள திருகாணியைச் சிறிது இறுக்கிப் பாருங்கள்; அதற்கும் அடங்காதாயின் மாற்றிவிடுங்கள். மழைக்கு ஒரு பொலித்தீன் உறை போதும்.

மூன்றாவது விதி நடுவிடத்துக்கு விடுதலை அளிப்பது. நடுவே நீளவாக்கில் பள்ளமோ திறப்போ உள்ள இருக்கைகளும், முன்மூக்கு முற்றாக நீக்கப்பட்ட இருக்கைகளும் விற்கப்படுகின்றன. அமெரிக்காவில் துவிச்சக்கரவண்டியில் ரோந்து செல்லும் பொலிசார் 90 பேருக்கு, ஆறு மாதகாலம் மூக்கில்லாத இருக்கை கொடுத்துச் சோதித்தனர். 2008இல் வெளியான முடிவுகளின்படி, நடுவிடத்தின் அழுத்தம் 66 சதவீதம் குறைந்தது. முன்னர் நூற்றுக்கு 27 பேரே மரத்துப்போதல் இல்லை என்றனர்; பின்னர் 82 பேர் அவ்வாறு கூறினர். ஆயின் மலைவாசிகள் ஒன்றை நினைவிற்கொள்ளவேண்டும். இறக்கத்திலும் வளைவிலும் தொடைகள் மூக்கைத் தொட்டுக்கொண்டே வண்டியை நிலைப்படுத்துகின்றன. மூக்கில்லாத இருக்கையை வாங்குபவர் முதலில் பள்ளி மைதானம் போன்ற சமநிலத்தில் சில நாள் பழகிய பின்னரே வீதிக்கு வரவேண்டும். நடுப்பள்ளம் உள்ளவற்றிலும், பள்ளத்தின் ஓரங்கள் கூர்மையாக அழுத்தாதிருக்கின்றனவா என்று அமர்ந்து பார்த்தே வாங்கவேண்டும்.

நல்ல இருக்கையும் தவறாகப் பொருத்தப்பட்டால் பயனில்லை. மேசனின் இரசமட்டத்தை இருக்கையின் மீது நீளவாக்கில் வைத்து, சமதரையில் அது மட்டமாக இருக்குமாறு பூட்டுங்கள். மூக்கு மேலே நோக்கின் அது நேரே நடுவிடத்தைக் குத்தும். வேண்டுமாயின் மயிரிழை கீழ்நோக்கலாம். அதிகம் சாய்த்தால் உடல் வழுக்கிப் பாரம் கைகளுக்குப் போகும். பெடல் மிகக் கீழே இருக்கையில் முழங்கால் சிறிது மடங்கியிருப்பதே சரியான உயரம். அதனினும் உயர்த்தினால் இடுப்பு இருபுறமும் ஆடி உராயும். ஹாண்டில் இருக்கையைவிடத் தாழாமலிருப்பது நன்று. தாழ்ந்த ஹாண்டில் மரத்துப்போதலுக்கு இடமளிக்கிறது என்றும், பயண நேரத்தில் ஐந்திலொரு பங்குக்கு மேல் எழுந்து நின்று மிதிப்போர்க்கு அது குறைவு என்றும் 2018இல் வெளியான ஓர் ஆய்வு கூறுகிறது. புதிய இருக்கை வாங்க வசதியில்லாதவர்க்கும் இத்திருத்தங்களுக்கு ஒரு ஸ்பனர் போதும்.

இனி ஏற்றத்தைப் பற்றி ஒரு சொல். பத்து மீற்றருக்கு ஒரு மீற்றர் உயரும் வீதியில் வண்டி ஏறும்போது, மட்டமாகப் பூட்டிய இருக்கையும் ஏறத்தாழ 6 பாகை மேல்நோக்கிச் சாய்ந்துவிடுகிறது. மிதிக்கும் முயற்சியில் உடலும் முன்னே நகர்ந்து மூக்கின் மீது ஏறுகிறது. சமதரையில் வசதியாக இருந்த இருக்கை மஸ்கெலியா வீதியில் வருத்துவதன் காரணம் இதுவே. ஏற்றத்தில் எழுந்து நின்று மிதியுங்கள்; இயலாதாயின் இறங்கித் தள்ளிச் செல்லுங்கள். மலைநாட்டில் வண்டியைத் தள்ளிச் செல்வது இழுக்கன்று. இறக்கத்திலும் இரு பெடல்களையும் சமமாக நிறுத்தி, புட்டத்தைச் சிறிது உயர்த்தினால் குழிகளின் அதிர்ச்சி கால்களுக்குப் போகும்.

வண்டியில் ஏறலாகாத காலமும் உண்டு. காய்ச்சலுடன் சிறுநீர் எரிந்து சுரப்பி அழற்சியுற்றிருக்கும்போதும், சுரப்பியில் அறுவைச்சிகிச்சையோ இழையம் எடுத்துச் சோதித்தலோ நடந்தபின் சில வாரங்களுக்கும் ஏறவேண்டாம். மீண்டும் ஏறும் நாளைச் சத்திரசிகிச்சை வைத்தியரே குறிக்கவேண்டும். பி.எஸ்.ஏ. எனப்படும் இரத்தப் பரிசோதனைக்கு முந்திய இரண்டு நாட்களிலும் வண்டியை ஓட்டாதிருங்கள். கடின உழைப்பும் நடுவிட அழுத்தமும் அளவை உயர்த்திக் காட்டக்கூடும். பயணத்தில் மரத்துப்போதல் தோன்றினால் உடனே இறங்குங்கள். மரத்தல் பழகிப்போகும் என்பது பொய். அது நரம்பு விடுக்கும் எச்சரிக்கை.

முடிவாக ஒன்று கூறவேண்டும். நல்ல இருக்கை வலியைத் தணிக்கும், நோயைத் தணிக்காது. இருக்கையை மாற்றினேன், எரிவு நின்றது, இனி வைத்தியர் எதற்கு என்று எவரும் எண்ணவேண்டாம். சிறுநீரில் இரத்தம் கண்டாலும், திடீரென்று சிறுநீர் முற்றாக அடைபட்டாலும் ஒரு பொழுதும் தாமதிக்காது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். மற்றைய அறிகுறிகளுக்கும் மஸ்கெலியாவிலோ டிக்கோயாவிலோ உள்ள அரசாங்க வைத்தியசாலையை நாடிக் கேட்பதற்குக் கட்டணமில்லை. தேவைப்படுவது நாணத்தை விடுவதொன்றே. பருமனுக்கு இன்று மாத்திரைகள் உண்டு; சிகிச்சைகள் உண்டு. சொல்லாதவனுக்கு மட்டுமே மருந்தில்லை.

அகலமாய், உறுதியாய், மட்டமாய் அமைந்த இருக்கையில் எலும்பின் மீது அமருங்கள். ஏற்றத்தில் எழுந்து நில்லுங்கள். உடலின் குறையை உரியவரிடம் உரைத்துவிடுங்கள். இவ்வளவும் செய்தால், அறுபதிலும் எழுபதிலும் துவிச்சக்கரவண்டி உங்களுக்கு நல்ல துணையாகவே இருக்கும்.