ஸ்ரீரங்கத்துச் சுவர்கள் சொல்லித்தரும் கட்டடக் கணக்கு!

திருச்சி விமான நிலையத்தின் புதிய முனையத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது அதன் வண்ணங்களைத்தான். ஸ்ரீரங்கம் கோபுரத்து நிறங்களும் கோலங்களும் கண்ணை நிறைக்கின்றன. 1,100 கோடி ரூபாய்க்கு மேல் செலவழித்துக் கட்டப்பட்ட இந்த முனையம், 2024 ஜனவரி 2-ம் தேதி திறந்துவைக்கப்பட்டது. நெரிசல் நேரத்தில் சுமார் 3,500 பயணிகளைத் தாங்கும்.

இத்தனை பேர் கூடும் கட்டடம் என்றால் ஏ.சி, லிஃப்ட், தண்ணீர் பம்ப், தீ எச்சரிக்கைக் கருவி என்று எல்லாம் ஒழுங்காக ஓடவேண்டும். அதனால்தான் இன்றைய பெரிய கட்டடங்களில் மூலைக்கு மூலை சென்சார்கள் வைக்கிறார்கள். வெப்பம், ஈரப்பதம், மின்சாரம், தண்ணீர் என ஒவ்வொன்றும் நொடிக்கு நொடி கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கும். 'ஸ்மார்ட் கட்டடம்' என்பது இதைத்தான்.

எண் இருக்கிறது... அர்த்தம் எங்கே?

ஒரு பெரிய மருத்துவமனையைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நள்ளிரவு 2 மணி. திரையில் 'ஆர்.டி.14 - 28 டிகிரி' என்று சிவப்பு எழுத்து மின்னுகிறது. அது ஆபரேஷன் தியேட்டரா, ஸ்டோர் ரூமா? அந்த அறைக்குக் குளிர்காற்று அனுப்பும் இயந்திரம் எந்த மாடியில் இருக்கிறது? எல்லாம் தெரிந்த எலெக்ட்ரீஷியன் போன மாதமே வேலையை விட்டுப் போய்விட்டார். தகவல் வந்து குவிகிறது. ஆனால், யாருக்கும் உதவவில்லை.

இதற்குத்தான் 'தகவல் மாதிரி' தேவைப்படுகிறது. ஒவ்வொரு கருவிக்கும் நான்கு கேள்விகளுக்கான பதிலை எழுதிவைப்பதே அதன் சாரம். இது என்ன? எங்கே இருக்கிறது? எதனோடு இணைந்திருக்கிறது? யார் பொறுப்பு? கட்டடத்தை முப்பரிமாணத்தில் தகவல்களோடு பதிவுசெய்யும் முறைக்கு 'பிம்' என்று பெயர். ஒரு நிறுவனத்தின் மென்பொருளில் எழுதியதை இன்னொன்றிலும் படிக்க 'ஐ.எஃப்.சி' என்ற சர்வதேசத் தரம் இருக்கிறது. சென்சார்களுக்குப் பொதுவான பெயர் சூட்ட, 2016-ல் ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கிய முறைக்கு 'ப்ரிக்' என்றே பெயர். ஆம், செங்கல்தான்!

கல்லில் எழுதிய டேட்டா

நம் ஊருக்கு இது புதிதல்ல. 156 ஏக்கர், 7 பிரகாரங்கள், 21 கோபுரங்கள் கொண்ட ஸ்ரீரங்கம் கோயிலில், முதலாம் பராந்தக சோழன் காலம் தொட்டு நூற்றுக்கணக்கான கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழர் காலத்துக் கோயில்களில் விளக்குத் தானக் கல்வெட்டைப் படித்தால் யார் கொடுத்தது, எத்தனை விளக்கு, நெய்க்கு என்ன ஏற்பாடு, யார் கவனிப்பது என எல்லாம் இருக்கும். நிர்வாகத்தின் வரலாற்றையும் நடைமுறையையும் சொல்லும் 'கோயிலொழுகு' என்ற ஏடும் ஸ்ரீரங்கத்துக்கு உண்டு. ஆள் மாறினாலும் கணக்கு மாறவில்லை.

2017-ல் ஸ்ரீரங்கம் கோயிலின் புனரமைப்புப் பணிக்கு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. பழைய மழைநீர் வடிகால் அமைப்பை மீட்டெடுத்ததும் அந்தப் பணியில் ஒன்று. எங்கே என்ன ஓடுகிறது என்று தெரிந்தால்தானே எதையும் காப்பாற்ற முடியும்?

நம் வீட்டுக்கும்தான்!

அபார்ட்மென்ட்வாசிகள் சென்சார் வாங்குவதற்கு முன், ஒரு நோட்டு போடலாம். எந்த வால்வு எந்த வீட்டுக்கு, எந்த மெயின் சுவிட்ச் எதற்கு, தொட்டி கடைசியாக எப்போது கழுவப்பட்டது, மோட்டார் எப்போது ரிப்பேரானது என எழுதிவைத்தால், வாட்ச்மேன் ஊருக்குப் போன நாளிலும் தண்ணீர் வரும்.

மின் கணக்கும் அப்படித்தான். ஏ.சி-யில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவிகித மின்சாரம் மிச்சமாகும் என்கிறது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு. மாதாமாதம் ரீடிங் குறித்துவைக்கிறவருக்குத்தான் அது தன் வீட்டில் பலித்ததா என்று தெரியும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கேட்டில் யார் எத்தனை மணிக்கு வந்தார், போனார் என்பதும் தகவல்தான். அதை யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்று சங்கக் கூட்டத்தில் முதலிலேயே பேசி முடிவெடுப்பது நல்லது. தனிநபர் தகவல்களைப் பாதுகாக்க 2023-லேயே நாடாளுமன்றம் சட்டம் இயற்றிவிட்டது.

கட்டடம் புத்திசாலியாக இருக்கவேண்டும் என்றால், அதில் இருப்பவர்கள் முதலில் கணக்கு எழுதவேண்டும். ஸ்ரீரங்கத்துச் சுவர்கள் ஆயிரம் வருடங்களாக அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன.