விளக்கொளியில் விளையும் கீரை: ஒரு மின்கணக்கு

சிங்கப்பூர் தன் உணவில் 90 விழுக்காட்டிற்கும் மேலானதை இறக்குமதி செய்கிறது. வேளாண்மைக்கென ஒதுக்கப்பட்ட நிலமோ மொத்தப் பரப்பில் ஏறத்தாழ ஒரு விழுக்காடே. ஆகவே, தட்டின்மேல் தட்டாக அடுக்கி விளக்கொளியில் கீரை வளர்க்கும் உள்ளரங்கப் பண்ணைகள் இங்கே தோன்றியதில் வியப்பில்லை. நிலம் மிச்சமாகிறது, நீரும் மிகக் குறைவாகவே செலவாகிறது. ஆனால், வானம் இலவசமாகத் தந்த ஒளியை இனி விலைகொடுத்து வாங்க வேண்டும். அவ்விலை எவ்வளவு என்பதை நாமே கணக்கிட்டுப் பார்ப்போம்; உயர்நிலைப் பள்ளிக் கணிதம் போதும்.

முதலில் அளவுகோலைச் சரிசெய்துகொள்ள வேண்டும். விளக்குப் பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கும் லூமன், மனிதக் கண்ணுக்கான அளவு. இலைக்கு வேண்டுவது 400 முதல் 700 நானோமீட்டர் வரை அலைநீளமுடைய ஒளித்துகள்கள். அவற்றை மைக்ரோமோல் என்னும் அலகால் எண்ணுவர். ஒரு ஜூல் மின்னாற்றலுக்கு எத்தனை மைக்ரோமோல் கிடைக்கிறது என்பதே விளக்கின் செயல்திறன். பழைய சோடிய ஆவி விளக்குகள் 1.7 அளவில் நின்றுவிடும். நல்ல எல்இடி விளக்குகள் 2.5 முதல் 3 வரை தரும். சிவப்பு ஒளித்துகள் நீலத்தைவிடக் குறைந்த ஆற்றல் உடையது என்பதால், அதே மின்சாரத்தில் அதிகத் துகள்களைப் பெறலாம். பண்ணைகள் பல இளஞ்சிவப்பாக ஒளிர்வதற்கு அதுவும் ஒரு காரணம், அழகுக்காக அன்று.

லெட்டூஸ் கீரைக்கு ஒரு சதுர மீட்டரில் வினாடிக்கு 250 மைக்ரோமோல் வீதம் 16 மணி நேரம் ஒளி தருவதாகக் கொள்வோம். ஒரு நாளில் அது 14.4 மோல் ஆகும். செயல்திறன் 2.5 எனில், 5.76 மெகாஜூல், அதாவது 1.6 கிலோவாட் மணி மின்சாரம் வேண்டும். கிலோவாட் மணிக்கு 30 காசு எனக் கொண்டால் நாளொன்றுக்கு 48 காசு. சோடிய ஆவி விளக்காயின் ஏறத்தாழ 71 காசு. நாற்று நட்டு 30 நாளில் நான்கு கிலோ அறுவடை என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், எல்இடி ஒளிக்கு மட்டும் கிலோவுக்கு 3 வெள்ளி 60 காசு ஆகிறது.

கணக்கு இத்துடன் முடியவில்லை. விளக்கு உண்ணும் மின்சாரம் அனைத்தும் பெரும்பாலும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது. நம் நாட்டு வெப்பநிலையில் அதைக் குளிர்சாதனம் கொண்டே வெளியேற்ற வேண்டும். மூன்று பங்கு வெப்பத்தை அகற்ற ஒரு பங்கு மின்சாரம் என்றால், மூன்றில் ஒரு பங்கு கூடி, 4 வெள்ளி 80 காசாகிறது. விதை, உரம், கூலி, வாடகை எதையும் நாம் இன்னும் சேர்க்கவில்லை. ஒளியில் ஒரு பகுதி இலைமேல் விழாமல் சுவரிலும் நடைபாதையிலும் வீணாவதையும் சேர்க்கவில்லை. பள்ளியில் கீரை அடுக்கு வைத்திருக்கும் ஆசிரியர்கள் விளக்கைத் தாழ்த்தியும், ஓரங்களில் வெண்பலகை நிறுத்தியும் மாணவர்களைக் கொண்டு இவ்வேறுபாட்டை அளக்கலாம்.

கூரையில் சூரியத் தகடு பதித்தால் தீராதா என்று மாணவர்கள் வினவுவதுண்டு; நல்ல வினா. இங்கே ஒரு சதுர மீட்டரில் நாள்தோறும் விழும் சூரிய ஆற்றல் சுமார் 4.5 கிலோவாட் மணி. அதில் ஐந்தில் ஒரு பங்கே மின்சாரமாகும். ஒரு தட்டுக்கு இரண்டு சதுர மீட்டர் தகடும் போதாது. பத்துத் தட்டு அடுக்கினால் அந்தக் கட்டடத்தின் கூரை எம்மூலைக்கு? அதே வெயிலை நேரே இலைமேல் விட்டால், லெட்டூஸ் கேட்பதைப்போல் இருமடங்கிற்கும் மேலான ஒளி கிடைக்கும். 2012இல் லிம் சூ காங்கில் தொடங்கிய செங்குத்துப் பண்ணை, தட்டுகளைச் சுழலவிட்டு வெயிலையே பகிர்ந்துகொடுத்ததன் பொருள் இதுதான்.

2030க்குள் 30 விழுக்காட்டு ஊட்டச்சத்துத் தேவையை உள்நாட்டிலேயே விளைவிக்கும் ஆற்றலைப் பெறுவது என்று 2019இல் அறிவிக்கப்பட்ட இலக்கு, 2025இல் மாற்றப்பட்டது. 2035க்கான புதிய இலக்கில் நார்ச்சத்துப் பிரிவில் கீரைகளோடு காளானும் முளைப்பயறும் இடம்பெறுகின்றன. முளைப்பயறு இருட்டிலேயே முளைக்கும்; காளானுக்குப் பச்சையமே இல்லை.