பாவிலிருந்து வந்த மறைநூல்
திருப்பூரில் நூல் என்றால் கோன்களில் சுற்றி வரும் பருத்தி இழைதான். அதன் விலை ஏறிற்றா, இறங்கிற்றா என்பதே பனியன் கம்பெனிக்காரரின் நித்திய விசாரம். ஆயினும், பெருந்துறைக்கருகே உள்ள சீனாபுரத்தைச் சேர்ந்தவர் என்று கொங்கு நாட்டார் உரிமை பாராட்டும் பவணந்தி முனிவர், சொல்லைப் பஞ்சாகவும் புலவனை நூற்கும் மங்கையாகவும் அவன் மதியைக் கதிராகவும் உருவகித்து, கிரந்தத்துக்கும் அப்பெயர் பொருந்துவதை நன்னூலில் விளக்கியிருக்கிறார்.

நூற்பைக் கண்டு நம்மவர் செய்த கற்பனையைச் சீனர் தறியைக் கண்டு செய்தனர். 'ஜிங்' என்ற அவர்களது சொல்லுக்கு ஆதிப்பொருள் பாவு, அதாவது தறியில் நெடுக்கே நிற்கும் இழை. அதன் எழுத்தில் இடப்பாகம் முறுக்கிய பட்டுச் சிட்டத்தின் சித்திரம். வலப்பாகமோ, தறியில் இழுத்துக் கட்டிய இழைகளின் வடிவமாயிருந்து, உச்சரிப்பையும் உடன் தருவது. கி.பி. 100-ஐ ஒட்டி 9,353 எழுத்துக்களை 540 பிரிவுகளில் அடக்கி அகராதி செய்த ஷூ ஷென் இதைப் பட்டுப் பிரிவில் வைத்தார். சிவப்பு, பச்சை, காகிதம் ஆகியவற்றைக் குறிக்கும் எழுத்துக்களும் அப்பட்டு அடையாளத்தைத் தாங்குவன. நிறத்தைச் சாயமேறிய இழையில் கண்டவர்கள் என்பதில் நம் சாயப்பட்டறைக்காரருக்கு ஆச்சரியம் இராது.

பாவு நிலைத்து நிற்க ஊடை குறுக்கே ஓடுவதால், மாறாத பிரமாண நூல்களுக்கு ஜிங் என்றும், ஹான் காலத்தில் அவற்றையொட்டி எழுந்த துணைநூல்களுக்கு ஊடை எனப் பொருள்படும் 'வெய்' என்றும் பெயர் வழங்கலாயிற்று. இதனினும் விசேஷம், 406-இல் தாமரைச் சூத்திரத்தைச் சீனத்தில் பெயர்த்த குமாரஜீவர் முதலான பௌத்தப் பண்டிதர்கள், இழையையே மூலப்பொருளாகக் கொண்ட சூத்திரம் என்ற வடசொல்லுக்கு இந்த ஜிங்கையே ஆண்டது.

திருப்பூரின் வட்டப் பின்னல் இயந்திரத்திலோ பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஊசிகள் கோக்கும் கண்ணிகளே துணியாகின்றன. அதனால் பின்னலாடைத் தொழிலைச் சீனர் 'ஊசி நெசவு' என்கிறார்கள். எனினும், இழை குறுக்கே ஓடும் நமது பனியன் துணியை வெய்ப் பின்னல் என்றும், நெடுக்கே ஓடுவதை ஜிங் பின்னல் என்றும் பிரித்துத் தறியின் பாஷையை விடாமல் வைத்திருக்கிறார்கள். 1957 முதல் நடைபெறும் குவாங்சௌ சந்தையில் நம் வியாபாரி ஒருவர் பெறும் விசிட்டிங் கார்டில் 'ஜிங்லி' என்றிருந்தால், அது கம்பெனி மானேஜரின் பதவிப் பெயர். அதன் முதலெழுத்து இந்த ஜிங்கேதான், 1956-இன் எழுத்துச் சீர்திருத்தத்தில் கோடுகள் சில குறைந்த வடிவில்.