உங்களுக்குத் தெரியுமா? மெரினாவை அகலமாக்கியது சென்னைத் துறைமுகம்!

ஒரு காலத்தில் சென்னையில் கப்பல்கள் நடுக்கடலில்தான் நங்கூரம் பாய்ச்சி நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் கரை சேர வேண்டும். ஆணியே அடிக்காமல், பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்த படகு அது; அலை அறைந்தால் பிளக்காது, வளைந்து கொடுக்கும். அதைத் தைத்த கைகளைக் கும்பிடலாம்!

துறைமுகத்துக்கு 1875-இல் அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் நீட்டிய அலைதடுப்புச் சுவர்கள் முடியும் தறுவாயில், 1881 நவம்பர் புயல் அவற்றைச் சரித்துப் போட்டது. திரும்பக் கட்டியும் நிம்மதியில்லை: கிழக்கு பார்த்த வாசல் வழியே அலை உள்ளே புகுந்தது. 1904-இல் பொறுப்பேற்ற ரயில்வே பொறியாளர் பிரான்சிஸ் ஸ்பிரிங், அந்த வாசலை அடைத்து வடகிழக்கில் புதிது திறந்தார்.

ஆனால் மணலை யார் தடுப்பது? வருடத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும் கடல்மணலைச் சுவர்கள் மறித்தன. தெற்கே மணல் குவிந்து மெரினா விரிந்தது. வடக்கே, 1856-இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட ராயபுரத்தின் பக்கம், கரையைக் கடல் தின்றது. இன்று அங்கே மீனவர் வீடுகளுக்குக் காவல், கொட்டி வைத்த கருங்கற்கள்தான்.