உங்களுக்குத் தெரியுமா? கணிதத்தின் ஒரு மார்க், இரண்டுக்குச் சமம்!

பூந்தமல்லி பனிமலர், ஆவடிச் சாலையிலுள்ள எஸ்.ஏ. பொறியியல் கல்லூரி போன்றவற்றில் அரசு ஒதுக்கீட்டு இடம் பெற நுழைவுத் தேர்வு கிடையாது. 2007 முதல் பிளஸ் டூ மதிப்பெண்தான் கணக்கு.

கட்-ஆஃப் மொத்தம் 200: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் 90, இயற்பியலில் 80, வேதியியலில் 84 எடுத்தவருக்கு, பின்னிரண்டையும் பாதியாக்கி, 90+40+42=172. ஆக, கணிதத்தில் கூடும் ஒரு மார்க், மற்ற இரண்டில் கூடும் இரண்டு மார்க்குக்குச் சமம்.

கலந்தாய்வில் உங்கள் விருப்பப் பட்டியலை மேலிருந்து பார்த்து, உங்கள் தரவரிசைக்குக் கிடைக்கும் முதல் இடத்தையே ஒதுக்குவார்கள். அம்பத்தூரிலிருந்து ஒரே பஸ்ஸில் போகலாம் என்பதற்காக ஒரு கல்லூரியின் பிடிக்காத பிரிவை மேலே போட்டால், கீழே உள்ள பிடித்த பிரிவு கிடைக்காமலே போகலாம். நான்கு ஆண்டு படிக்கப்போவது நீங்கள். மனசுக்குப் பிடித்ததையே முதலில் போடுங்கள்!