கை தானாக பிஸ்கட் டப்பாவைத் தேடுகிறதா?

அஸருக்கும் மஃரிபுக்கும் இடைப்பட்ட நேரம் நம் வீடுகளில் நொறுக்குத் தீனியின் நேரம். பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்திருப்பார்கள். தேநீர் கொதிக்கும். கூடவே பிஸ்கட், மிக்சர், கடையில் வாங்கிய சமோசா. குடும்பமாக உட்கார்ந்து இரண்டு கடி கடிப்பதில் தவறு ஒன்றும் இல்லை.

ஆனால் 'இரண்டு போதும்' என்று எடுத்த பிஸ்கட்டில் பாக்கெட்டே காலியாகிறது. இரவு எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் நின்றபடியே சட்டியில் மீந்ததை வழித்துச் சாப்பிடுகிறோம். வயிறு வலிக்கும் அளவுக்குச் சாப்பிட்டுவிட்டு 'நாளை முதல் வாயைக் கட்ட வேண்டும்' என்று முடிவெடுக்கிறோம். மறுநாள் மீண்டும் அதே கதை. இதை வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு மனதுக்குள் புழுங்குபவர்கள் நம்மிடையே ஏராளம்.

இதன் விலையும் சிறிதல்ல. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் மதிப்பிட்டது. இந்தக் கணக்கில் வராத வீடு நம் தெருக்களில் குறைவு.

'மன உறுதி இல்லை, அதனால்தான் இப்படி' என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். உண்மையில் நொறுக்குத் தீனி ஆசைக்குப் பெரும்பாலும் வேறு காரணங்கள் இருக்கின்றன. அவற்றைச் சரிசெய்தால் ஆசையின் வேகம் தானாகக் குறையும். வாயைக் கட்டுவதை மட்டும் முயன்றால் அது கூடவே செய்யும்.

பசியா, ஆசையா?

பசி மெல்ல மெல்ல வரும். எந்த உணவு கிடைத்தாலும் சாப்பிடத் தோன்றும். வயிறு நிறைந்ததும் அடங்கிவிடும். ஆசை அப்படியல்ல. திடீரென்று வரும். 'அந்த சிப்ஸ்தான் வேண்டும்', 'அந்த சாக்லேட்தான் வேண்டும்' என்று குறிப்பாகக் கேட்கும். வயிறு நிறைந்திருந்தாலும் வரும்.

இதைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அந்த நேரத்தில் 'ஒரு அவித்த முட்டையோ இரண்டு இட்லியோ கொடுத்தால் சாப்பிடுவேனா?' என்று நம்மையே கேட்டுக்கொள்வது. 'ஆம்' என்றால் அது பசி. தயங்காமல் சாப்பிடலாம். 'வேண்டாம், மிக்சர்தான் வேண்டும்' என்றால் அது ஆசை.

ரமழானை நினைத்துப் பாருங்கள். மற்ற மாதங்களில் மாலை 4 மணி ஆனதும் டீயும் வடையும் தேடும் அதே ஆள், நோன்பு நாளில் அந்த நேரத்தில் வடைச் சட்டியைக் கடந்து போகிறார். பசி இருக்கும், ஆனால் 'எடுக்கலாமா, வேண்டாமா' என்ற போராட்டம் இருக்காது. அந்த முடிவு ஸஹரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது. நொறுக்குத் தீனி ஆசையில் நேரம், இடம், கண்ணில் படும் பொருள், 'எடுத்தால் என்ன' என்ற ஊசலாட்டம் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு பெரியது என்பதற்கு இதுவே நம் அனுபவச் சான்று.

ஆசையைத் தூண்டும் நான்கு காரணங்கள்

முதலாவது, பட்டினி. கேட்க வியப்பாக இருக்கும். ஆனால் மாலை ஆசையின் வேர் பல வீடுகளில் காலையில் இருக்கிறது. பிள்ளைகளை அனுப்பும் அவசரத்தில் உம்மாமார்கள் ஒரு டீயுடன் காலையை ஓட்டுகிறார்கள். வீட்டு வேலை முடிந்து 3 மணிக்குத்தான் சோறு. 'டயட்' என்று சொல்லி இளைஞர்கள் ஒரு வேளையை விடுகிறார்கள். உடல் இதைச் சும்மா விடாது. 1944, 45ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆரோக்கியமான ஆண்களுக்கு 6 மாதம் குறைந்த உணவு கொடுத்தார். அவர்களுடைய நினைப்பெல்லாம் உணவைச் சுற்றியே ஓடியது. கட்டுப்பாடு நீங்கிய பிறகு, சிலரால் எவ்வளவு சாப்பிட்டும் நிறுத்த முடியவில்லை. அவர்கள் மன உறுதி இல்லாதவர்கள் அல்லர். உடலின் வேலை அது.

இரண்டாவது, பண்டத்தின் தன்மை. இனிப்பு, கொழுப்பு, உப்பு மூன்றும் சேர்ந்து, மென்மையாக, வேகமாக உள்ளே போகும்படி தொழிற்சாலைகளில் தயாராகும் பண்டங்கள் நம்மை அளவுக்கு மீறிச் சாப்பிட வைக்கின்றன. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 2019இல் வெளியிட்ட ஆய்வில் 20 பேர் இரண்டு வாரம் இத்தகைய உணவையும், இரண்டு வாரம் சாதாரணச் சமையல் உணவையும் விரும்பிய அளவு சாப்பிட்டார்கள். இரண்டிலும் பரிமாறிய சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து அளவுகள் ஏறக்குறைய சமம். ஆனாலும் தொழிற்சாலை உணவு சாப்பிட்ட வாரங்களில் ஒரு நாளைக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள்.

மூன்றாவது, தூக்கக் குறைவு. சிகாகோ பல்கலைக்கழகத்தில் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், 12 இளைஞர்கள் இரண்டு இரவுகள் 4 மணி நேரம் மட்டுமே படுக்க அனுமதிக்கப்பட்டார்கள். நன்கு தூங்கிய நாட்களோடு ஒப்பிடும்போது, பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் 28 சதவீதம் கூடியது. 'போதும்' என்று சொல்லும் லெப்டின் 18 சதவீதம் குறைந்தது. வளைகுடாவில் இருக்கும் கணவரின் அழைப்புக்காக நள்ளிரவு வரை விழித்திருக்கும் சகோதரிகளும், செல்போனுடன் விடியும்வரை கிடக்கும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும்.

நான்காவது, மனச்சுமை. தனிமை, வீட்டுச் சண்டை, கடன் கவலை, வெறும் சலிப்பு, இவை எல்லாவற்றுக்கும் கையருகே கிடைக்கும் மலிவான ஆறுதல் உணவு. சில நிமிடம் மனம் இலேசாகும். பிறகு குற்ற உணர்வு வரும். அந்த வேதனையே அடுத்த முறை சாப்பிட வைக்கும்.

நாம் என்ன செய்யலாம்?

1. நேரத்துக்குச் சாப்பிடுவோம். ஆக்ஸ்ஃபோர்டின் மனநல மருத்துவர் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன், கட்டுப்பாடின்றிச் சாப்பிடுபவர்களுக்கான சிகிச்சையில் முதலில் வைப்பது இதைத்தான்: மூன்று வேளை உணவு, இடையில் முன்கூட்டியே திட்டமிட்ட இரண்டு மூன்று சிற்றுணவு, நான்கு மணி நேரத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல். என்ன குறைப்பது என்ற பேச்செல்லாம் பிறகுதான். காலை உணவை விடாமல் இருப்பதே மாலை ஆசைக்குப் பாதி மருந்து.

2. மாலைத் தீனியை மாற்றுவோம். சுண்டல், அவித்த முட்டை, ஒரு கைப்பிடி வறுத்த வேர்க்கடலை, கொய்யா, மோர் போன்றவை புரதமோ நார்ச்சத்தோ தந்து நெடுநேரம் தாங்கும். பேரீச்சம்பழம் நல்ல உணவுதான். ஆனால் அதிலும் சர்க்கரை நிறைய உண்டு. இரண்டு மூன்றோடு நிறுத்துவது நல்லது. சர்க்கரை நோயாளிகள் மருத்துவரிடம் அளவு கேட்டுக்கொள்ள வேண்டும்.

3. அலமாரியை ஒழுங்கு செய்வோம். வெளிநாட்டிலிருந்து வரும் அட்டைப்பெட்டியில் கிலோ கணக்கில் சாக்லேட் இருக்கும். அதை அப்படியே அலமாரியில் வைத்துக்கொண்டு 'தொடாதே' என்று சொல்வது நமக்கும் பிள்ளைகளுக்கும் சோதனை. வந்த அன்றே உறவினர், அண்டை வீட்டார் என்று பங்கிட்டுவிட்டு, வீட்டுக்குக் கொஞ்சம் மட்டும் வைத்துக்கொள்ளலாம். மளிகைப் பட்டியலில் பெரிய பாக்கெட்டுக்குப் பதில் சிறியது எழுதலாம். கண்ணில் படும் இடத்தில் பழத்தட்டு இருக்கட்டும்.

4. தட்டில் எடுத்து, உட்கார்ந்து சாப்பிடுவோம். பாக்கெட்டுக்குள் கை விட்டுச் சாப்பிட்டால் அளவு தெரியாது. டிவியும் செல்போனும் பார்த்தபடி சாப்பிட்டால் சாப்பிட்ட நினைவே இருக்காது. வயிறு நிறைந்த செய்தி மூளைக்கு முழுமையாகப் போய்ச் சேரச் சுமார் 20 நிமிடம் ஆகும். அவசரமாக விழுங்குபவர் அதற்குள் இரண்டு மடங்கு சாப்பிட்டுவிடுவார்.

5. ஆசையைக் கடந்துபோக விடுவோம். ஆசை அலை போன்றது. ஏறும், உச்சிக்குப் போகும், இறங்கும். அலையோடு போராடாமல், அதன் மேல் மிதந்து கடக்கும் இந்த முறையைப் போதைப் பழக்கங்களை ஆராய்ந்த ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் வகுத்தார். 'வேண்டவே வேண்டாம்' என்று சொல்லாமல் '15 நிமிடம் கழித்துப் பார்ப்போம்' என்று தள்ளிப்போடுங்கள். ஒளுச் செய்யலாம், தண்ணீர் குடிக்கலாம், மொட்டை மாடியில் நடக்கலாம், உம்மாவுக்கு ஒரு போன் போடலாம். அதன் பிறகும் வேண்டும் என்றால், தட்டில் கொஞ்சம் எடுத்து நிதானமாகச் சாப்பிடுங்கள்.

6. முழுத் தடை போடாமல் இருப்போம். 'இனி வாழ்நாளில் இனிப்பே கிடையாது' என்பவர் ஒரு துண்டு வட்டலாப்பம் வாயில் வைத்ததும் 'எல்லாம் கெட்டுவிட்டது' என்று முழுத் தட்டையும் முடிப்பார். விருந்துக்கு ஒரு துண்டு என்று இடம் வைத்தவருக்கு அந்தச் சிக்கல் இல்லை.

7. தவறிய நாளுக்குத் தண்டனை கொடுக்க வேண்டாம். இரவு அதிகம் சாப்பிட்டுவிட்டோம் என்று மறுநாள் காலை பட்டினி கிடந்தால், மறுநாள் இரவும் அதுவே நடக்கும். அடுத்த வேளை உணவை வழக்கம்போல் சாப்பிடுவதே சரியான திருத்தம்.

நோன்பும் விருந்தும்

நோன்பு மாதத்தில் எடை கூடியது என்று சொல்பவர்கள் நம் ஊர்களில் குறைவில்லை. பேரீச்சம்பழம், தண்ணீர், நோன்புக் கஞ்சி இவற்றோடு நோன்பு திறந்து, மஃரிப் தொழுதுவிட்டு வந்து மற்றதைச் சாப்பிட்டால், அந்த இடைவெளியிலேயே பசியின் வேகம் அடங்கிவிடும். ஒரே மூச்சில் வடை, பஜ்ஜி, சமோசா, சர்பத் என்று போகும்போதுதான் அளவு தவறுகிறது. ஒரு நாளில் சேர்க்கும் சர்க்கரை 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள், அதாவது சுமார் 6 தேக்கரண்டிக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 300 மில்லி இனிப்புக் குளிர்பானம் ஒன்றிலேயே சுமார் 30 கிராம் வந்துவிடும்.

விருந்துகளில் சஹனில் கூடிச் சாப்பிடும்போது யார் எவ்வளவு சாப்பிட்டோம் என்று தெரியாது. நம் பக்கத்துச் சோற்றை மட்டும் நிதானமாகச் சாப்பிட்டு, 'போதும்' என்பவரை மேலும் வற்புறுத்தாமல் இருப்பதும் விருந்தோம்பலே. வயிற்றை உணவுக்கும் தண்ணீருக்கும் மூச்சுக்கும் எனப் பங்கிடச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் அறிவுரை நாம் சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்ததுதான்.

பிள்ளைகளிடம் கவனம்

'குர்ஆன் ஓதி முடித்தால் சாக்லேட்', 'அழாதே, ஐஸ்கிரீம் வாங்கித் தருகிறேன்' என்று பழக்கினால், மகிழ்ச்சிக்கும் துக்கத்துக்கும் இனிப்பே மருந்து என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். வயிறு நிறைந்த பிறகும் தட்டைக் காலி செய்யக் கட்டாயப்படுத்துவதற்குப் பதில், முதலிலேயே குறைவாகப் பரிமாறினால் வீண்விரயமும் ஆகாது.

பெண்பிள்ளைகளின் உடல் பற்றிய பேச்சை நாம் நிறுத்தியாக வேண்டும். 'குண்டாகிவிட்டாய், யார் கட்டிக்கொள்வார்?' என்ற கேலி யாரையும் மெலிய வைப்பதில்லை. சாப்பிடுவதை மறைத்துச் சாப்பிட வைக்கிறது. கட்டிலுக்கு அடியில் சாக்லேட் தாள்கள் கிடந்தால், திட்டுவதற்கு முன் அந்தப் பிள்ளைக்கு என்ன கவலை என்று கேளுங்கள்.

இது நோயாக இருக்கலாம்

விருந்து நாளில் அளவு மீறுவது எல்லோருக்கும் நடப்பது. ஆனால் வாரம் ஒரு முறையாவது, மூன்று மாதங்களாக, குறுகிய நேரத்தில் மிக அதிகமாகச் சாப்பிட்டு, நிறுத்த முடியவில்லை என்ற உணர்வும் இருந்தால் அது கவனிக்க வேண்டிய நிலை. பசியில்லாமலே சாப்பிடுவது, வேகவேகமாகச் சாப்பிடுவது, வயிறு வலிக்கும்வரை சாப்பிடுவது, வெட்கத்தால் தனியே சாப்பிடுவது, பிறகு தன்னையே வெறுப்பது ஆகியவை அதன் அடையாளங்கள். இதை ஒரு தனி நோயாக அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேடு 2013இல் சேர்த்தது. எடை சரியாக இருப்பவர்களுக்கும் இது வரும், ஆண்களுக்கும் வரும்.

அதிகம் சாப்பிட்டதை ஈடுகட்ட வாந்தி எடுப்பதும் பேதி மாத்திரை போடுவதும் உயிருக்கே ஆபத்தானவை. ஈடுகட்டுவதற்காகவே உபரி நோன்பு வைப்பவர்களும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் அது வணக்கமாகத் தெரியும். உள்ளே நடப்பது, பட்டினியும் பெருந்தீனியுமாக மாறி மாறிச் சுழலும் நோய். அப்படி இருந்தால் நோன்பு பற்றி மருத்துவரிடமும் ஆலிமிடமும் மனம் திறந்து கேட்டுவிடுவது நல்லது. நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

திடீர் அகோரப் பசிக்கு வேறு காரணங்களும் இருக்கலாம். இன்சுலினோ சில சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவருக்கு நடுக்கம், வியர்வையுடன் பசி வந்தால் இரத்தச் சர்க்கரை இறங்கியிருக்கலாம். அப்போது ஆசையை அடக்கக் கூடாது, உடனே இனிப்பு எடுக்க வேண்டும். ஸ்டீராய்டு உள்ளிட்ட சில மருந்துகளும் பசியைக் கூட்டும். எனவே முதலில் வழக்கமான மருத்துவரைப் பார்த்து, இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம்.

இந்த நோய்க்குப் பேச்சு வழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. இந்தியாவில் 'டெலி மானஸ்' இலவச மனநல உதவிக்கு 14416, இலங்கையில் தேசிய மனநல நிறுவனத்தின் உதவிக்கு 1926 என்ற எண்களை அழைக்கலாம்.

இந்த வாரம் ஒன்றை மட்டும் செய்து பார்ப்போம். ஒரு தாளில் நாம் சாப்பிட்ட நேரம், சாப்பிட்டது, அப்போது பசி இருந்ததா, மனம் எப்படி இருந்தது என்று நான்கே குறிப்புகள் எழுதுவோம். ஏழு நாளில் நம் ஆசை எந்த நேரத்தில், எதனால் வருகிறது என்று நம் கையெழுத்திலேயே தெரிந்துவிடும். எங்கே கை வைக்க வேண்டும் என்பது அதன் பிறகு தெளிவாகும், இன்ஷா அல்லாஹ்.